வாசக நூல் பிறந்த கதை

2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பனியன் கம்பெனிகள் விட்டதும் கடைவீதி நெருக்கும். மளிகைக் கடையில் வாரக் கணக்கு தீரும். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், எங்கள் லைன் வீட்டின் கோடியில் குடியிருக்கும் அக்கா கையில் ஒரு தாளோடு வந்து வாசலில் நின்றார். ஓவர்லாக் டெய்லர். மறுநாள் பூசையில் இரண்டாம் வாசகத்துக்கு அவர் பெயரைப் போட்டிருந்தேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் வாசகர் பட்டியல் போடுவதும், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் என் வேலை.

"இதை நானேதான் படிக்கோணுமா தம்பி?"

வாங்கிப் பார்த்தேன். யாக்கோபு திருமுகம், ஐந்தாம் அதிகாரம், முதல் ஆறு வசனங்கள். செல்வரைப் பார்த்து அழுது புலம்பச் சொல்கிற பகுதி. சேர்த்து வைத்த துணிமணியைப் பூச்சி அரித்துவிட்டது என்கிறது. அறுவடை செய்த ஆட்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் குரல் கடவுளின் காதில் விழுந்துவிட்டது என்கிறது.

அக்காவுக்கு அப்போது இரண்டு வாரச் சம்பளம் பாக்கி. அவர் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் முதலாளியும் எங்கள் பங்குதான். அவருக்கும் மேலே ஒரு பெரிய கம்பெனியிலிருந்து பில் வரவில்லை. இந்த ஊரில் பணம் இறங்கி வரும் வழி அப்படி. "அவரு மூணாவது பெஞ்சுல உக்காந்திருப்பாரு. நானே வேணும்னு எடுத்துப் படிச்ச மாதிரி ஆயிருமே தம்பி" என்றார் அக்கா.

இதை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, சாமியாரும் எடுக்கவில்லை என்றேன். பொதுக்காலம் இருபத்தாறாம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு. உலகம் முழுக்க நாளைக்கு இதுதான். அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. "அப்ப யாருதான் எடுத்தாங்க?"

நல்ல கேள்வி. அதற்கு ஒரு ராத்திரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் "நூல்" என்றால் முதலில் கோனில் சுற்றி வரும் நூல்தான் நினைவுக்கு வரும். நூல் விலை ஏறினால் ஊரே பேசும். புத்தகத்துக்கும் அதே சொல்லை வைத்த மொழி நம்முடையது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதை விரித்தே சொல்கிறார்: சொல் பஞ்சு, பாட்டு இழை, புலவன் நூற்கிற பெண், அவன் வாய்தான் கை, அறிவுதான் கதிர். அவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று எங்கள் கொங்கு நாட்டில் சொல்லிக்கொள்வோம். பஞ்சைத் தெரிந்த ஊர்க்காரர் எழுதினார் என்று நம்புவதில் எனக்கு ஒரு சந்தோஷம். பீடத்துக்குப் பக்கத்தில் வாசக மேடைமேல் விரிந்திருக்கும் வாசக நூலும் அப்படித்தான், பல கைகள் நூற்றுச் சேர்த்தது. விவிலியத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போடாமல், இந்த நாளுக்கு இந்தப் பகுதி என்று பிரித்துக் கோத்த புத்தகம் அது.

முதல் இழை யூதர்களிடம் இருக்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு முன்னால் கூடுகிறார்கள். எஸ்ரா மரமேடையில் ஏறிச் சட்ட நூலைத் திறக்கிறார், சனம் எழுந்து நிற்கிறது, விடியலிலிருந்து நண்பகல்வரை வாசிப்பு நடக்கிறது, லேவியர் பொருள் சொல்கிறார்கள், கேட்டவர்கள் அழுகிறார்கள். நெகேமியா எட்டாம் அதிகாரம். மேடை, நிற்பது, வாசிப்பது, விளக்குவது என்று இன்று நாம் செய்கிற எல்லாமே அங்கே இருக்கிறது. பின்னால் தொழுகைக்கூடங்களில் சட்ட நூலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஓய்வுநாள்தோறும் முறைவைத்துப் படித்தார்கள். பாபிலோன் யூதர் ஓராண்டில் முடித்தார்கள். பாலஸ்தீன யூதர் ஏறக்குறைய மூன்றாண்டு எடுத்துக்கொண்டார்கள். நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு படிக்க எழுந்தபோது எசாயாவின் சுருள் அவரிடம் கொடுக்கப்பட்டது என்கிறார் லூக்கா. கொடுக்கப்பட்டது என்ற அந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்வேன். வாசகம் என்பது கைக்கு வருகிற ஒன்று.

அடுத்து உரோமை, ஏறக்குறைய 155ஆம் ஆண்டு. கிறிஸ்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு விளக்கி யுஸ்தின் ஒரு மனு எழுதினார். சூரியனின் நாளில் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகிறார்கள். திருத்தூதரின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினரின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை படிக்கப்படுகின்றன. படிப்பவர் முடித்ததும் தலைவர் பேசுகிறார், இந்த நல்லவற்றின்படி நடங்கள் என்கிறார். பிறகு அப்பமும் இரசமும். கடைசியில் வசதி உள்ளவர்கள் கொடுப்பதைத் தலைவரிடம் சேர்க்கிறார்கள். அது அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் ஊருக்கு வந்த அந்நியர்களுக்கும் போகிறது. இந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்தான் தெரிகிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் பிள்ளைகள் அந்தப் பட்டியலின் கடைசிச் சொல்லில் இருக்கிறார்கள். யுஸ்தினுக்கு வாசிப்பும் உண்டியலும் வெவ்வேறு காரியமாகப் படவில்லை. கொஞ்ச வருடத்தில் அவர் தலை வெட்டப்பட்டது.

அவர் சொன்ன "நேரம் இருக்கும்வரை" மெதுவாக அளவுக்குள் வந்தது. கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் அதற்குரிய பகுதிகள் நிலைத்தன. மற்ற நாட்களில் ஆயர் சொன்னதைப் படித்தார்கள். அந்தக் காலத்து இரண்டு சம்பவங்கள் எனக்கு வாசக நூலின் உயிர்நாடியைக் காட்டுகின்றன.

ஒன்று எகிப்தில், ஏறக்குறைய 270ஆம் ஆண்டு. பெற்றோரை இழந்த அந்தோணி என்ற இளைஞன், தங்கையையும் நல்ல விளைநிலத்தையும் கவனித்துக்கொண்டிருந்தவன், கோயிலுக்குள் நுழைகிறான். அப்போது உள்ளே வாசித்துக்கொண்டிருந்தது, செல்வந்த இளைஞனிடம் உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொன்ன பகுதி. தனக்காகவே படித்தார்கள் என்று எடுத்துக்கொண்டான். வெளியே வந்து நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டான். வனத்து அந்தோணியார் பிறந்தது அந்த நிமிடத்தில். கொஞ்சம் பிந்தி நுழைந்திருந்தால் வேறு வசனம் காதில் விழுந்திருக்கும்.

இன்னொன்று வட ஆப்பிரிக்காவில். ஆயர் அகுஸ்தினார் ஒரு சின்னத் திருப்பாடலை எடுத்து மறையுரைக்குத் தயாராகி வந்திருந்தார். வாசகர் தடுமாறி வேறொரு திருப்பாடலைப் பாடிவிட்டார், அதுவும் நீளமானதை. அகுஸ்தினார் அவரைத் திருத்தவில்லை. என் விருப்பத்தைவிட வாசகரின் பிழையில் இருக்கும் கடவுளின் விருப்பத்தைப் பின்பற்றுகிறேன் என்ற பொருளில் சொல்லிவிட்டு, அந்தப் பாடலுக்கே விளக்கம் சொன்னார். புதிதாகப் படிக்க வருகிற பிள்ளைகள் பக்கம் மாறிவிடுமோ என்று நடுங்கும்போது இந்தக் கதையைத்தான் சொல்லித் தேற்றுவேன்.

பிறகு பல நூற்றாண்டுகள். விவிலியக் கைப்பிரதியின் ஓரத்தில், இங்கே தொடங்கு, இங்கே நிறுத்து என்று குறி போட்டார்கள். குறிகளைத் தனிப் பட்டியலாக்கினார்கள். பட்டியலோடு முழுப் பகுதிகளையும் எழுதித் தனிப் புத்தகம் செய்தார்கள். ஊருக்கு ஊர் மரபு வேறுபட்டது. 1570இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் காலத்துத் திருப்பலி நூல் மேற்கில் பெரும்பாலும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தது: ஞாயிறுக்கு ஒரு திருமுகம், ஒரு நற்செய்தி, அதுவும் ஓராண்டுச் சுற்று. ஞாயிறுகளில் பழைய ஏற்பாடு ஏறக்குறைய மறைந்தேபோனது. ஆண்டுதோறும் அதே பகுதிகள், வாசித்தது இலத்தீனில். நானூறு வருடம்.

இப்போது அக்காவின் கேள்விக்கு நேராக வருகிறேன். 1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன் 51ஆம் பத்தி சின்னது. விவிலியக் கருவூலத்தை இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் அதன் முக்கியப் பகுதிகள் மக்களுக்கு வாசிக்கப்பட வேண்டும் என்கிறது. எத்தனை ஆண்டு, எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. அந்த வேலை ஒரு குழுவின் தலையில் விழுந்தது. அவர்கள் முதலில் பழசைத் தேடினார்கள்: இலத்தீன் மரபின் பழைய பட்டியல்கள், கிழக்குச் சபைகளின் பட்டியல்கள், சீர்திருத்தச் சபைகள் வைத்திருந்தவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு 31 விவிலிய அறிஞர்களிடம் ஒவ்வொரு நூலிலிருந்தும் மக்கள் கேட்டே ஆகவேண்டிய பகுதிகளைக் கேட்டு வாங்கினார்கள். 1967இல் வரைவு ஆயர் பேரவைகளுக்கும் சுமார் 800 வல்லுநர்களுக்கும் போனது. குறிப்புகள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன.

1969 மே 25, தூய ஆவியார் பெருவிழா அன்று ஆணை வெளியானது. அந்த ஆண்டு நவம்பர் 30, திருவருகைக் கால முதல் ஞாயிறு அன்று நடைமுறைக்கு வந்தது. ஞாயிறுக்கு மூன்று வாசகங்கள்; மூன்றாண்டுச் சுற்று; முதல் ஆண்டுக்கு மத்தேயு, இரண்டாம் ஆண்டுக்கு மாற்கு, மூன்றாம் ஆண்டுக்கு லூக்கா; யோவானுக்குத் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் பெரிய இடம். வருட எண்ணை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் மூன்றாம் ஆண்டு. கடவுள் எழுதிக் கொடுத்த பட்டியல் இல்லை இது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விட்டுக்கொடுத்து, அடித்துத் திருத்தி மனிதர்கள் செய்தது. செய்து முடித்ததும் தங்கள் கையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பெரிய காரியம். இனி எந்தச் சாமியாரும் தனக்குப் பிடித்ததை மட்டும் படிக்க முடியாது. எந்தப் பங்கும் தனக்கு உறுத்துவதைத் தள்ளிப்போட முடியாது. யாக்கோபின் ஐந்தாம் அதிகாரம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தானாக வந்து நிற்கும். பிற சபைகளும் இந்த ஒழுங்கைத் தழுவித் தங்களுக்கென்று செய்துகொண்டன. 1992இல் வந்த திருத்திய பொது வாசக ஒழுங்கு அப்படிப் பிறந்தது.

இந்த வாசகங்கள் தமிழில் ஒலிக்க வேறொரு வழி வந்தது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய மறைப்பணியாளர் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1714-15இல் அங்கேயே அச்சிட்டார். ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்து பெரிதாக இருந்து தாள் போதாமல், பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். பிறகு பப்ரீசியஸ், பவர் என்று மொழிபெயர்த்த கைகள் மாறின. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியமாக 1995இல் வந்தது; திண்டிவனத்தில் இருக்கும் தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அதில் முன்நின்றது. நாங்கள் இன்று படிப்பது அந்தத் தமிழில்தான்.

இந்த வாசக நூல் திருப்பூருக்கு வந்தபோது என்ன ஆனது என்பதுதான் எனக்கு நெருக்கமான பகுதி. 1969இல் திருப்பூர் உள்நாட்டுக்கு வெள்ளைப் பனியன் அடித்துக்கொண்டிருந்த ஊர். வெளிநாட்டு ஆர்டர், டீ-சர்ட், எல்லாம் அடுத்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்தவை. உரோமையில் அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் நொய்யல் கரையை நினைத்திருக்க வழியில்லை. ஆனாலும் சில வாசகங்கள் இங்கே வந்து விழும்போது, இந்த ஊருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும்.

இரண்டாம் ஆண்டு, பொதுக்காலம் ஐந்தாம் ஞாயிறு: யோபு ஏழாம் அதிகாரம். மனித வாழ்வு கூலியாளின் நாள் போன்றது, அவன் கூலிக்குக் காத்திருக்கிறான், ராத்திரி தூக்கமில்லாமல் புரளுகிறான், நாட்கள் தறியின் நாடாவைவிட வேகமாக ஓடுகின்றன என்று புலம்புகிறார் யோபு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் நாடா ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு உரை வேண்டாம். ஒரு நுணுக்கம் மட்டும் சொல்வேன். நாட்கள் நம்பிக்கை இல்லாமல் முடிகின்றன என்ற இடத்தில் எபிரேயத்தில் இருக்கும் சொல் "திக்வா". அதற்கு நம்பிக்கை என்றும் பொருள், நூல் என்றும் பொருள். தாரில் நூல் தீர்ந்தால் தறி நிற்கும். யோபு அந்தத் தறிக்காரர் பாஷையில் அழுகிறார். இதைச் சொன்ன நாளில் பிற்பாடு ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

பெரிய வெள்ளிக்கு எந்த ஆண்டானாலும் யோவானின் பாடுகள்தான். மூன்று பேர் நின்று வாசிப்போம். கதை சொல்கிறவரின் பங்கு பெரும்பாலும் எனக்கு வரும். சிலுவையின் அடியில் படைவீரர் துணியைப் பங்கு போடும் இடத்தில், உள்ளாடையை மட்டும் கிழிக்க மனம் வராமல் சீட்டுப் போடுகிறார்கள். அது தையல் இல்லாதது, மேலிருந்து அடிவரை ஒரே நெசவு. அறிஞர்கள் இதற்குத் தலைமைக் குருவின் அங்கி என்றும் திருச்சபையின் ஒற்றுமை என்றும் பொருள் சொல்வார்கள். எங்கள் பங்கில் நிட்டிங் மிசின் ஓட்டிய ஒரு தாத்தா வேறு சொன்னார். 1925இல் குலாம் காதர் பேபி நிட்டிங்கைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் பிழைத்தது வட்ட மிசினில் அல்லவா. மேலே நூல் போகும், வட்டமாக ஊசிகள் ஏறி இறங்கும், கீழே குழாயாகத் துணி இறங்கும். உடம்பு அளவு டயாவில் ஓட்டினால் பனியனுக்குப் பக்கத்துத் தையலே வேண்டாம். "அந்தப் பட்டாளத்துக்காரனுக்கும் துணியோட அருமை தெரிஞ்சிருக்குதுங்க. ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் பாழுன்னு. மனுசனோட அருமைதான் தெரியலை" என்றார். அதற்குப் பிறகு அந்த வரிக்கு வரும்போது நான் கொஞ்சம் நிறுத்தித்தான் படிக்கிறேன்.

பாஸ்கா காலம் மூன்றாம் வாரச் சனிக்கிழமைக்கு திருத்தூதர் பணிகள் ஒன்பதாம் அதிகாரம். யோப்பாவில் தொற்கா என்ற பெண் இறந்துவிடுகிறாள். பேதுரு வந்ததும் கைம்பெண்கள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த ஆடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். அவளைப் பற்றிப் பேச அவர்களிடம் வேறு சாட்சி இல்லை, துணிதான். வாழ்நாள் முழுக்கத் தைத்த பெண்கள் இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் தைத்தது கப்பல் ஏறி யார் உடம்பிலோ இருக்கிறது. எடுத்துக் காட்ட ஒன்றுகூட வீட்டில் இருக்காது. அந்த வாசகம் வார நாளில் வருகிறது. காலைப் பூசையில் இருபது பேர் இருந்தால் அதிகம். டெய்லர்கள் அப்போது ஷிப்டுக்குப் புறப்பட்டிருப்பார்கள். ஞாயிறுக்கு அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது என் தீராத ஆசை.

இந்த நூலிடம் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. விடுதலைப் பயணம் முதல் அதிகாரத்தில், ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்குப் பணியாமல் பிள்ளைகளைக் காப்பாற்றிய சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகள் வருகிறார்கள். வார நாள் வாசகம் எட்டாம் வசனத்தில் தொடங்கி பதினாலில் நின்று, இருபத்திரண்டுக்குத் தாவிவிடுகிறது. அவர்கள் கதை நடுவில் விழுந்து போகிறது. உரோமையர் பதினாறில் பெபேயாளைப் பவுல் மெச்சும் இரண்டு வசனமும் அப்படியே. கட்டிங் டேபிளில் ஓரம் விழுவது போல இவை விழுந்திருக்க வேண்டாம். மனிதர்கள் கூடிச் செய்ததில் இதுவும் சேர்த்தி. அதனால்தான் ஞாயிறு வாசகத்தோடு நிறுத்தாமல், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் முழு அதிகாரத்தையும் திறந்து படிக்கச் சொல்கிறேன்.

செப்டம்பர் 29 காலை, அக்கா வந்தார். மேடை ஏறினார். முதல் வசனத்தில் குரல் உடைந்தது. நூலின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தார். கூலி கூக்குரலிடும் இடத்தில் அவசரப்படவில்லை, நான் சொல்லிக்கொடுத்ததைவிட மெதுவாகவே படித்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்தவர் தலை குனிந்திருந்தார். கடைசிவரை எழுந்து போகவில்லை. பூசை முடிந்து வண்டி நிறுத்தும் இடத்தில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். "நல்லாப் படிச்சீங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். பாக்கிச் சம்பளம் அடுத்த சனிக்கிழமை பாதியும் தீபாவளிக்கு முன்னால் மீதியும் வந்தது. மேலே பில் பாஸானதால் வந்தது. வாசகத்தால் வந்தது என்று நான் எங்கும் சொன்னதில்லை.

அக்கா பென்சிலால் நிறுத்தற்கோடு போட்டு வைத்திருந்த தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் ஆண்டு வாசக நூலில் அதே பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். அந்த வாசகம் அடுத்து வருவது 2027 செப்டம்பர் 26, ஞாயிறு. அன்றைக்கு யார் படிப்பது என்று பட்டியலில் இன்னும் பெயர் எழுதவில்லை.